தமிழ் வகுப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது: சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளையின் நாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. கணக்கு, அறிவியல், இணைப்பாட நடவடிக்கை, கேண்டீன் வரிசை எல்லாம் ஆங்கிலம். தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரிகிறது. மூன்று நான்கு வகுப்புகளிலிருந்து திரண்ட தமிழ்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இன்னோர் அறைக்குப் போகிறார்கள். தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர்கள் பள்ளி முடிந்தபின் வேறிடத்தில் இருக்கும் தமிழ்மொழி நிலையத்துக்குப் போகிறார்கள். 'நீ தமிழ்ப் பிள்ளை' என்று பள்ளி அவர்களிடம் சொல்லும் நேரம் ஏறக்குறைய அது ஒன்றுதான். அதனால் அந்த அறையில் ஆசிரியர் பேசுவதைப் பிள்ளைகள் பாடமாக மட்டும் கேட்பதில்லை. தமிழராக இருப்பது பெருமையா, தொல்லையா, யாருக்கோ சொந்தமானதா என்பதையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

இது முதலில் தமிழாசிரியர்களுக்கு. துணைப்பாட வகுப்பு எடுப்பவர்களுக்கும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) வகுப்புகளில் கற்பிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மொழிப்பற்றை ஊட்டுவது எப்படி என்பது இதில் இல்லை. பற்றைப் பேச்சால் ஊட்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து.

பெயரில் தொடங்குங்கள்

முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது. பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். நடுவே எஸ்/ஓ (இன்னாரின் மகன்) அல்லது டி/ஓ (இன்னாரின் மகள்), பிறகு அப்பா பெயர். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணி, அப்பா பெயரைச் சொல்லியே பிள்ளையைக் கூப்பிடும் ஆசிரியர்கள் உண்டு. யாழினி, எழிலன், கயல்விழி போன்ற பெயர்களில் ழகரத்துக்கு எழுதும் 'இசட்-எச்' எழுத்துகளைச் சிலர் 'ஸ' என்று படிப்பார்கள். சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறை பழகியவர்கள் 'ஜ' என்பார்கள். கவின் 'கெவின்' ஆவது தனிக் கதை. பிள்ளை இரண்டு தடவை திருத்திப் பார்க்கும். மூன்றாம் தடவை 'இட்ஸ் ஓக்கே சேர்' என்று விட்டுவிடும். தன் பெயருக்கு இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற முடிவுக்கு அது வந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

செய்ய வேண்டியது:

1. பட்டியலைப் பார்த்துப் படிக்காதீர்கள். "உன் பேரை நீயே சொல்லு, நான் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இருபது பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு நிமிடம் ஆகும்.

2. திருப்பிச் சொல்லி "சரியா?" என்று கேளுங்கள். சரியாக இல்லாவிட்டாலும் பாதிப் பிள்ளைகள் தலையாட்டும். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், இன்னொரு முறை சொல்லுங்கள்.

3. பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வீட்டில் கேட்டு வாங்குங்கள். ஆங்கில எழுத்தை வைத்து ஊகிக்க முடியாது. லகரமா ளகரமா, னகரமா ணகரமா, குறிலா நெடிலா என்பது வீட்டுக்குத்தான் தெரியும். தன் பெயரைத் தமிழில் தவறாக எழுதியே தொடக்கநிலை ஆறுவரை வந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

4. பிள்ளையின் வகுப்பாசிரியர் தமிழர் இல்லையென்றால் அவருக்கு உதவுங்கள். பிள்ளை தன் பெயரைச் சொல்வதை ஒரு குறுங்குரல்பதிவாக அனுப்பினால் போதும். ழகரத்துக்கு, அமெரிக்கர்கள் 'ர' சொல்வதுபோல் நாக்கை மடிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு வரக்கூடிய ஒலிகளில் அதுதான் மிக அருகில் இருக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். பெயர் நீளம் என்று ஆசிரியரே சுருக்கிவிடுவது ஒன்று. பிள்ளையே சுருக்குப் பெயரை விரும்பினால் அது அதன் உரிமை, நீங்கள் முந்தக்கூடாது. இன்னொன்று, எஸ்/ஓ, டி/ஓ இல்லாத பெயரைப் பார்த்ததும் "அப்பா பேரு என்ன?" என்று வகுப்பு நடுவே கேட்பது. அம்மாவோடு மட்டும் வாழும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நீ, நீங்கள், டா, மா

உயர்நிலை மூன்றுக்கு மேல் தனியாள் என்றாலும் 'நீங்க' என்பதே நல்லது என்போம். தொடக்கநிலையில் 'நீ' இயல்பானது, அதில் குறையில்லை. எதைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாகப் படிப்பவனை 'வாடா தம்பி' என்று தோளில் தட்டி அழைத்து, பின்வரிசைக்காரனை 'நீங்க சொல்லுங்க' என்று தள்ளி நிறுத்தினால், யார் உள்ளே, யார் வெளியே என்று வகுப்பு அரை நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடும். தாமதமாக வந்தவனிடம் "மகாராஜா இப்பத்தான் எழுந்தருளினீங்களா?" என்று திடீரென மரியாதை ஏற்றுவதும் இதே ரகம்தான். தமிழில் மரியாதையைக் கூட்டியும் அவமானப்படுத்த முடியும். ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் புரியாமல் போகலாம். சுற்றி எழும் சிரிப்பு புரிந்துவிடும்.

"தமிழனாப் பொறந்துட்டு..."

"தமிழனாப் பொறந்துட்டுத் தமிழ் பேசத் தெரியலையா?" வகுப்பில் விட வேண்டிய வாக்கியங்களில் இதற்கே முதலிடம். சொல்பவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தமிழராக இருப்பதற்கு ஒரு நுழைவுத் தேர்வு வைக்கிறது, அதே மூச்சில் பிள்ளை அதில் தேறவில்லை என்றும் அறிவிக்கிறது. தேறாத இடத்தில் யாரும் நிற்க விரும்புவதில்லை. 'நான் சிங்கப்பூரியன், தமிழ் எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான்' என்று பிள்ளை நாகரிகமாக விலகிக்கொள்கிறது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆகப் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவதாகச் சொன்னார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. வீட்டு மொழியைப் பத்து வயதுப் பிள்ளை முடிவுசெய்வதில்லை. பெற்றோரின் முடிவுக்குப் பிள்ளையிடம் கணக்குக் கேட்பதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுத்திருக்கும் மலையாளி, தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த அறையில் இருப்பார்கள் என்பது வேறு.

மாற்றாக, இருப்பதிலிருந்து தொடங்கும் கேள்வியைக் கேளுங்கள். "உங்க வீட்டில யாரு தமிழ் பேசுவாங்க? எதுக்குப் பேசுவாங்க?" பதில்கள் சின்னதாக இருக்கும். பாட்டி போனில் பேசுவார். அம்மா கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். அப்பா முஸ்தஃபாவில் கடைக்காரரிடம் விலை கேட்பார். இவற்றைப் பலகையில் எழுதினால் வகுப்புக்குச் சொந்தமான தமிழ் பட்டியலாகக் கிடைத்துவிடும். அடுத்த உரையாடல் பயிற்சிக்குக் கருப்பொருளும் அதிலேயே இருக்கிறது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், ஈரச்சந்தை, எம்ஆர்டி ரயில் என்று போகும் அந்தத் தமிழ், வயலும் வரப்பும் வைத்து எழுதச் சொல்வதைவிட அவர்களுக்குக் கைவசமானது.

'நம்ம' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்?

"நம்ம தீபாவளி வரப்போகுது" என்று சொல்லும்போது அந்த 'நம்ம'வில் தமிழ் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் இருக்கிறார்களா? "உனக்குத் தீபாவளி இல்லையா, அப்ப நீ தமிழா?" என்று சக மாணவர் கேட்பதற்கு ஆசிரியரின் அந்த ஒற்றைச் சொல் வழிவிட்டுவிடும். "தீபாவளி கொண்டாடுறவங்க கை தூக்குங்க, வேற பண்டிகை கொண்டாடுறவங்க அப்புறம் சொல்லுங்க" என்றால் போதும். பயிற்சித்தாள்களில் முருகன், கலா என்றே எழுதாமல் ஆயிஷா, ஜோசப் என்றும் எழுதுங்கள். தமிழாசிரியர்கள் பயிற்சிக்குப் போகும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமே ஒரு முஸ்லிம் தமிழ்ப் புலவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஜூலை 21 இன நல்லிணக்க நாளில் வேறு வகைத் தவறு நடக்கும். 1964 இனக் கலவரத்தை நினைவில் வைத்து 1997 முதல் பள்ளிகளில் அனுசரிக்கப்படும் நாள் அது. வேட்டியோ பாவாடையோ அணிந்து வந்த பிள்ளையை நிறுத்தி "நீ சொல்லு, உங்க வழக்கத்துல இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஓர் இனத்துக்கே பேச்சாளராக்கிவிடுவார்கள். தெரியாவிட்டால் பிள்ளைக்கு இரட்டை வெட்கம். கேட்டே ஆக வேண்டுமென்றால் "உங்க வீட்டில எப்படி?" என்று கேளுங்கள். அதற்குத் தவறான பதிலே கிடையாது.

இந்தியாவிலிருந்து அண்மையில் வந்த மாணவரை வைத்து ஒப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். "பாரு, அவன் எவ்வளவு சுத்தமாப் பேசுறான்" என்ற ஒரு வரியில் இங்கே பிறந்த பிள்ளையின் தமிழ் அரைகுறையாகிவிடுகிறது, வந்த பிள்ளை எல்லோர் கண்ணிலும் விழுகிறான். ஆங்கிலப் பாடத்தில் தடுமாறும் அவனுக்கு வகுப்பில் நண்பர்கள் தேவை. மெச்சுவதாக நினைத்து அதைக் கெடுத்துவிடுகிறோம்.

திருத்துவது எப்படி?

இங்கேதான் நாள் முழுதும் சேதம் நடக்கிறது. ஆசிரியர் ஒரு பாடவேளையில் பலமுறை திருத்துகிறார். ஒவ்வொரு திருத்தமும் பிள்ளையின் காதில் இரண்டு விதமாக விழக்கூடும்: 'இந்தச் சொல்லை இப்படிச் சொல்' என்று, அல்லது 'உன் தமிழ் தமிழே இல்லை' என்று.

முதலில் எந்தத் தமிழை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரச் சொன்னது. வாசிப்பிலும் கட்டுரையிலும் எழுத்துத் தமிழ், உரையாடலில் நல்ல பேச்சுத் தமிழ் என்பதே இன்றைய நடைமுறை. அப்படியிருக்க, "நேத்து போனேன்" என்று பேசும் பிள்ளையை "நேற்று சென்றேன்" என்று திருத்துவது அதன் பாட்டியின் தமிழையும் சேர்த்துத் திருத்துவதாகும்.

ஆங்கிலச் சொல் கலந்து வரும்போது வாயைப் பொத்தாதீர்கள், மறுசொல்லாகக் கொடுங்கள், அதாவது உங்கள் பதிலிலேயே அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லிவிடுங்கள். நடைமுறையில் இப்படி இருக்கும்:

மாணவி: "சண்டே நாங்க சுவிம்மிங் போனோம். தண்ணி ரொம்ப கோல்டா இருந்துச்சு, தென் என் தம்பி ஷிவர் பண்ணான்."

ஆசிரியர்: "அய்யோ, தண்ணி சில்லுனு இருந்துச்சா? தம்பி நடுங்கிட்டானா! அப்புறம் என்ன பண்ணீங்க?"

மாணவி: "அப்புறம்... அவன் நடுங்கி நடுங்கி, வெளிய வந்துட்டான்."

இரண்டு சொல் கிடைத்தது, கதையும் நிற்கவில்லை. 'கோல்ட்' என்ற இடத்திலேயே ஆசிரியர் தடுத்து "தமிழில் சொல்" என்றிருந்தால் தம்பி வெளியே வந்திருக்கவே மாட்டான். ஒரு பேச்சில் இரண்டு சொல்லுக்கு மேல் மறுசொல் வேண்டாம், மிஞ்சினால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். சுவிம்மிங்கை விட்டுவிட்டதில் குற்றமில்லை, நீச்சல் நாளைக்கு வரும்.

மறுசொல்லின் பலவீனம், சில பிள்ளைகளுக்குத் திருத்தம் நடந்ததே தெரியாது. அதே பிழை மூன்றாம் முறை வந்தால் பேச்சு முடிந்தபின் தனியாக, நேரடியாகச் சொல்லிவிடுங்கள். லகர, ளகர, ழகர உச்சரிப்பை எப்போதும் பேச்சுக்கு வெளியே, வகுப்பு முழுவதற்கும் பயிற்சியாக வையுங்கள். ஒருவனை எழுப்பி நிறுத்தி 'வாழைப்பழம்' சொல்லச் சொல்வது பயிற்சி ஆகாது, வேடிக்கை.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்பதையும், மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பதில் நீளமாகவும் தெளிவாகவும் வருகிறது என்பதையும் அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்குக் கொண்டுவரும் பிள்ளைக்கு ஐந்து விநாடி கொடுங்கள் என்போம். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், ஐந்து விநாடி அமைதி ஆசிரியருக்குத்தான் கடினம். பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போகும்போது "உனக்குத் தெரியாது, நீ உக்காரு" என்னாமல் "யோசிச்சுட்டே இரு, திரும்ப உன்கிட்ட வர்றேன்" என்று சொல்லி, மறக்காமல் திரும்ப வாருங்கள்.

கட்டுரையில் பக்கம் முழுக்கச் சிவப்பு மை வேண்டாம். ஒரு கட்டுரையில் ஒரே வகைப் பிழையை மட்டும் குறிவையுங்கள். இந்த வாரம் வேற்றுமை உருபு என்றால் அது மட்டும். மேலே முதல் வரியில், எழுதிய விஷயத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்: "உன் தாத்தா மீன் வாங்குற இடம் கண்ணு முன்னாடி தெரியுது." குறிப்புகள் நிறைய இருந்தால் காரணத்தையும் எழுதுங்கள். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'உன்னிடம் உயர்ந்ததை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள்' என்ற பொருளில் ஆசிரியர் கையால் எழுதிய ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டபோது, கட்டுரையைத் திருத்தி மீண்டும் எழுதித் தந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கறுப்பின மாணவர்களிடம் அந்த மாற்றம் மிகப் பெரிது. ஆசிரியர் தன்னை மட்டமாக நினைக்கிறாரோ என்ற ஐயம் எந்தப் பிள்ளைக்கு உண்டோ, அதற்கே அந்தச் சீட்டு தேவைப்படுகிறது. எல்லாக் கட்டுரையிலும் ஒட்டினால் அதுவும் முத்திரை மாதிரி ஆகி மதிப்பிழக்கும்.

நிலையும் ஆளும்

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம் என்ற பிரிவுகள் இல்லை. பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் எடுக்கிறார்கள் (ஜி3 ஆகக் கடினமானது). ஒருவர் தமிழை ஜி3இலும் கணக்கை ஜி2இலும் படிக்கலாம். ஆட்களை வகைப்படுத்துவதை விட்டுப் பாடங்களை வகைப்படுத்த வந்த ஏற்பாட்டை, ஆசிரியர் அறையில் "என் ஜி1 பிள்ளைங்க" என்ற மூன்றே சொல்லில் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறோம். "ஜி1 தமிழ் எடுக்கிறவங்க" என்று சொல்லுங்கள். இதுவும் மூன்றே சொல்தான்.

"உனக்குத் தமிழ் வராது" என்பதும் "இவன் தமிழ்ல வீக்" என்பதும் இதே குடும்பம். எது வரவில்லை என்று பெயரிட்டுச் சொல்லுங்கள்: "பத்தியை வேகமா வாசிக்க இன்னும் வரலை", "இறந்தகால வினை இன்னும் பிடிபடலை". பாராட்டும் அப்படியே. 1998இல் முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வுகளில், 'நீ கெட்டிக்காரன்' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் முயற்சியை எளிதில் கைவிட்டார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக வெறும் 'நல்லா முயற்சி பண்ணே' என்பதும் உதவாது. அது தோற்றவனுக்குத் தரும் ஆறுதல் பரிசு என்று ஒன்பது வயதிலேயே தெரிந்துவிடுகிறது. "பெயரடை மூணு போட்டிருக்கே, அதுல 'மொறுமொறு' நல்லாப் பொருந்துது" என்றால் நம்புவான்.

நிறத்தைச் சொல்லிக் கிண்டல் வந்தால்

"விளக்கை அணைச்சா இவன் தெரிய மாட்டான்" வகைக் கிண்டல் எல்லா வகுப்பிலும் என்றாவது வரும், தமிழ் வகுப்புக்குள் தமிழ்ப் பிள்ளைகளிடையேயும் வரும். ஆசிரியர் சிரித்தால் ஒப்புதல், கேட்காததுபோல் இருந்தாலும் ஒப்புதல். உடனே, குரலை உயர்த்தாமல்: "நிறத்தை வச்சுப் பேசுறது இந்த அறையில வேண்டாம்." அவ்வளவுதான், பாடத்துக்குத் திரும்புங்கள். சொன்னவனிடம் வகுப்பு முடிந்தபின் தனியாகப் பேசுங்கள். கிண்டலுக்கு ஆளானவனிடம் எல்லோர் முன்னாலும் "உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்காதீர்கள். அவன் "பரவாயில்லை" என்றுதான் சொல்வான், அதற்குப் பிறகு யாருக்கும் வாய் திறக்க வழியில்லை. "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே" என்று பாசத்தில் சொல்லும் ஆசிரியரும் இந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்கலாம்.

உங்கள் பேச்சை நீங்களே கேட்பது

பள்ளியின் அனுமதியோடு ஒரு பாடவேளையை ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் காகிதத்தை ஐந்தாகப் பிரித்துக் கோடு போட்டு எண்ணுங்கள்: யார் யார் பெயரைச் சொன்னீர்கள், கேள்விக்குப் பின் எத்தனை முறை மூன்று விநாடி காத்தீர்கள், பிழையைத் திருத்தியது எத்தனை, சொன்ன செய்திக்குப் பதில் சொன்னது எத்தனை, 'தமிழர்', 'நம்ம', 'உங்க வீடு' போன்ற சொற்கள் எந்த வாக்கியத்தில் வந்தன. முதல் கட்டத்தில் ஐந்தாறு பெயர்களே திரும்பத் திரும்ப வருவதைப் பெரும்பாலும் காண்பீர்கள். ஒரு மாதத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் சேர்த்து மாற்ற முயன்றால் பேச்சே செயற்கையாகி, பிள்ளைகள் உங்களைப் போலவே பேசி நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள், அதில் பிள்ளைகளின் குரலும் இருக்கிறது.

பெற்றோர் சந்திப்பு

சந்திப்பில் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். "வீட்டில தமிழ் பேசுறதே இல்லை போலிருக்கே" என்று தொடங்கினால் பெற்றோர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் கோபம் பிள்ளைமேல் இறங்கும். பிள்ளை செய்த ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள், அடுத்து வரவேண்டிய ஒன்று, பிறகு வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம். "நிறையத் தமிழ் பேசுங்க" என்பது காரியம் ஆகாது, யாராலும் பின்பற்ற முடியாது. "சாப்பாட்டு மேசையில மட்டும் தமிழ்", "பாட்டிக்குச் சனிக்கிழமை போன்" என்பவை காரியங்கள். தமிழ் தெரியாத பெற்றோர் என்றால் பிள்ளை அவர்களுக்கு வாரம் ஐந்து சொல் கற்றுக்கொடுக்கட்டும். தமிழ் அறிந்தவர் என்ற இடத்தில் பிள்ளையை உட்காரவைக்க எங்களுக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை. என்ன பேசப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லி, "இதுல எதை அம்மா அப்பாகிட்ட நீயே சொல்றே?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் குறையைத் தாங்களே சொல்வதாகத்தான் சொல்லும்.